மூன்று ஒழிமுறிகள்

எங்க ஊர்ப் பக்கம் ஒரு சொல் உண்டு. ஒழிமுறி. பொழியூர், பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று எல்லையோரம் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு சொத்தில் எனக்கிருக்கும் பாத்தியதையை உனக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று எழுதிப் பதிவு செய்கிற பத்திரம்தான் அது. தமிழ்நாட்டில் விடுதலைப் பத்திரம் என்பார்கள்.

பழைய திருவிதாங்கூரில் இதே சொல்லுக்கு மணவிலக்குச் சீட்டு என்றும் பொருள். நாயர் சட்டங்களின்படி கணவன் மனைவி இருவரும் சம்மதித்தால் பதிவு செய்த ஒரு பத்திரம் மூலமாகவே பிரிந்துவிடலாம். 2012ல் மதுபால் இயக்கி, ஜெயமோகன் கதை வசனம் எழுதி 'ஒழிமுறி' என்றே ஒரு மலையாளப் படம் வந்தது. பார்த்திருப்பீர்கள்.

கல்யாணத்தை முறிப்பதற்கும் சொத்தை விடுவதற்கும் ஒரே சொல். அந்தக் காலத்தில் அது சரியாக இருந்திருக்கும். வீட்டுக்கடன் கிடையாதே! இப்போது வெளிநாட்டில் இருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு ஒழிமுறி போதாது. மூன்று வேண்டும். கோர்ட்டிலிருந்து ஒன்று, ரிஜிஸ்டர் ஆபீசிலிருந்து ஒன்று, பேங்கிலிருந்து ஒன்று. மூன்றாவதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. இந்தப் பதிவு அதற்காகத்தான்.

எழுதக் காரணம் என் சித்தி மகள். இங்கிலாந்தில் என்.எச்.எஸ். நர்ஸ். அவளும் அவள் கணவரும் பிரிந்தார்கள். ஏன் பிரிந்தார்கள் என்பது இங்கே வேண்டாம். அவர் கெட்டவர் இல்லை, இவளும் இல்லை, அவ்வளவுதான். ஒன்பது வயதில் ஒரு பெண் குழந்தை. கணக்கு வழக்கு பார்க்க, இருவரும் நம்புகிற ஒரே ஆளாக நான் இருந்தேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். தொகைகளை மட்டும் கணக்குக்கு வசதியாக முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

அவர்களுக்கு இரண்டு வீடு. இங்கே ஒன்று, இருவர் பெயரிலும், இருவர் பெயரிலும் கடன். பாறசாலைப் பக்கம் ஒன்று, அதுவும் இருவர் பெயரிலும், என்.ஆர்.ஐ. வீட்டுக்கடனும் இருவர் பெயரிலும். ஊர் வீட்டில் அவருடைய அம்மா இருக்கிறார். நம்மில் பாதிப் பேருடைய கதை இதுதானே.

முதலில் இங்கத்து வீடு. மதிப்பு 3,20,000 பவுண்ட். மீதிக் கடன் 2,36,000. கழித்தால் 84,000. ஆளுக்குப் பாதி 42,000.

சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, "குழந்தைக்காக அந்த வீட்டை விடாதே" என்றுதான். சித்தி போனில் தினமும் இதே பேச்சு. "மக்களே, கூரை போச்சுன்னா எல்லாம் போச்சு" என்பார். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் கணக்கு வேறு சொன்னது.

வீட்டை அவளே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் கணவருக்கு 42,000 கொடுக்க வேண்டும், பழைய கடனையும் தன் ஒற்றைப் பெயருக்கு மாற்ற வேண்டும். மொத்தம் 2,78,000 கடன். அவள் சம்பளம் வருடத்துக்கு 42,000. இங்கே பெரும்பாலும் சம்பளத்தைப்போல நாலரை மடங்கு வரை கடன் தருவார்கள். நாலரை மடங்கு என்றால் 1,89,000. அதாவது அவருக்குப் பங்கு கொடுப்பது இருக்கட்டும், ஏற்கெனவே இருக்கிற 2,36,000ஐ அவள் ஒருத்தி பெயரில் தூக்கிக் கொடுக்கவே பேங்க் தயாரில்லை.

"நான் மாசம் தவறாமல் கட்டுகிறேனே அண்ணே, அப்புறம் என்ன?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் பேங்கின் பார்வை வேறு. கூட்டுக்கடன் என்றால் ஆளுக்குப் பாதிக் கடன் என்று அர்த்தமில்லை. முழுக்கடனுக்கும் அவர் பொறுப்பு, அதே முழுக்கடனுக்கு இவளும் பொறுப்பு. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவரிடம் முழுசாகக் கேட்கலாம். இந்தியாவிலும் இதேதான். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 43வது பிரிவு, சேர்ந்து வாக்குக் கொடுத்தவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுவதையும் கேட்கலாம் என்கிறது. இரண்டு பேர் சம்பளத்தைப் பிணையாக வைத்திருக்கிறவன் எதற்காக ஒருவரை விடுவான்?

கோர்ட் சொன்னால்? அங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். 'கடனை இனி கணவர் கட்டுவார்' என்று நீதிபதி எழுதலாம். அது இவர்கள் இருவரையும் கட்டுப்படுத்தும். பேங்க் அந்த வழக்கில் கட்சிக்காரர் இல்லை, அதைக் கட்டுப்படுத்தாது. அவர் தவணை தவறினால் நோட்டீஸ் இருவருக்கும் வரும், கிரெடிட் ரெக்கார்டு இருவருக்கும் கெடும். நீங்கள் விவாகரத்து வாங்கியது வாழ்க்கைத் துணையிடமிருந்து. பேங்கிடமிருந்து அல்ல.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். 1982ஆம் ஆண்டின் கார்ன்-செயின்ட் ஜெர்மெயின் சட்டப்படி, விவாகரத்தில் வீடு துணைவரின் பெயருக்கு மாறி அவர் அங்கேயே குடியிருந்தால், அதைக் காரணம் காட்டி முழுக்கடனையும் உடனே கட்டு என்று கேட்க முடியாது. ஆனால் கையெழுத்துப் போட்ட மற்றவர் கடனிலிருந்து விடுபடுவதில்லை. ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். விவாகரத்து உறுதியான 12 மாதங்களுக்குள் சொத்துப் பிரிவினைக்கு மனுப் போட்டுவிட வேண்டும். தாண்டினால் கோர்ட்டின் அனுமதி தேவை.

இனி ஊர் வீடு. இங்கேதான் உண்மையான சண்டை.

மனை வாங்கியது 2016ல், 22 லட்சத்துக்கு. அதில் 13.2 லட்சம் தங்கையின் நகையை விற்ற பணம். 60 பவுன். நகைக்கடை ரசீதைச் சித்தி பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். மீதி மனைக்கும் கட்டடத்துக்கும் இருவர் சம்பளம், கடன். இன்று மனை 36 லட்சம், கட்டடம் 30 லட்சம். பாக்கிக் கடன் 22 லட்சம்.

இங்கிலாந்திலும் இந்தியாவிலும் சட்டம் இதை ஒரே மாதிரி பார்ப்பதில்லை. இங்கிலாந்து, வேல்ஸில் 1973ஆம் ஆண்டுச் சட்டம். கோர்ட் முதலில் பார்ப்பது பதினெட்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தையின் நலன். 2000ல் வந்த ஒயிட் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு, சம்பாதித்தவர், வீட்டைப் பார்த்துக்கொண்டவர் என்ற பாகுபாடு கூடாது, பிரித்த பங்கைச் சமம் என்ற அளவுகோலில் உரசிப் பார்க்க வேண்டும் என்றாகிவிட்டது. ஊர்ச் சொத்தையும் சேர்த்து உலகத்தில் எங்கே என்ன இருந்தாலும் சொல்லியாக வேண்டும். ஓய்வூதியமும் கணக்கில் வரும். 'என் பென்ஷன் எப்படி அவர் கணக்கில் வரும்?' என்று தங்கை அதிர்ந்து போனாள். என்.எச்.எஸ்.ஸில் வேலை செய்பவர்கள் இதை மனதில் வையுங்கள். சில குடும்பங்களில் வீட்டைவிடப் பெரிய சொத்து அதுதான்.

இந்தியாவில் அப்படி இல்லை. கல்யாணத்துக்குப் பின் சேர்த்ததெல்லாம் சமபங்கு என்ற சட்டமே நமக்குக் கிடையாது. யார் பெயரில் இருக்கிறது, யார் பணம் போட்டது என்பதுதான் கேள்வி. பெண்ணின் நகை மட்டும் தெளிவு. சீதனம் அவளுடைய முழு உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1985லேயே பிரதிபா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. 2024 ஏப்ரலில், ஒரு கேரளத் தம்பதியின் வழக்கில், 89 பவுன் நகைக்காக மனைவிக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி அதே நீதிமன்றம் உத்தரவிட்டது.

எங்கள் பக்கத்தில் நகைக்குப் பின்னால் வேறொரு கதையும் இருக்கிறது. 1916ல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி மகளுக்குக் கிடைப்பது மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. மேரி ராய் போராடி 1986ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஆனால் அந்தப் பழைய சட்டத்திலேயே ஒரு விலக்கு இருந்தது. நெய்யாற்றின்கரை உட்பட சில தாலுகாக்களில் ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கு எடுக்கும் வழக்கமுள்ள சில லத்தீன் கத்தோலிக்கர்களுக்கும் சில புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களுக்கும் இது பொருந்தாது என்று. மகளுக்கும் சமபங்கு என்ற நினைப்பு எங்கள் மண்ணில் பழையது. அந்தப் பங்கைத்தான் பின்னாளில் பவுனாக அளந்து கொடுத்தார்கள். அதனால்தான் சித்திக்கு அது வெறும் நகை அல்ல. "அவ பங்கு அந்த மண்ணுல கெடக்கு. அதை எப்படி எழுதிக் குடுப்பா?" என்று கேட்டார்.

தங்கை முதலில் கேட்டது பவுனுக்குப் பவுன். 60 பவுன் எடை திரும்ப வேண்டும். தங்கம் இன்று விற்கிற விலையில் அது மனையின் விலையையே தாண்டிவிடும். அவர் சொன்னது, "விற்றது 13.2 லட்சத்துக்கு, அதைக் கழித்துக்கொள்." இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது, இரண்டிலும் ஒருவர் நஷ்டப்படுவார். நான் சொன்னது இதுதான்: நகை இப்போது நகையாக இல்லை, மனையாக இருக்கிறது. மனை விலையில் 13.2 லட்சம் என்பது 60 சதவீதம். ஆகவே மனையின் இன்றைய மதிப்பில் 60 சதவீதம் அவளுடையது. மீதியைப் பாதி பாதி பிரிக்கலாம்.

36 லட்சத்தில் 60 சதவீதம் 21.6 லட்சம். மொத்த வீட்டு மதிப்பு 66 லட்சத்தில் கடன் 22 போனால் 44. அதில் 21.6 போக மீதி 22.4, ஆளுக்கு 11.2. ஆக அவளுக்கு 32.8 லட்சம், அவருக்கு 11.2 லட்சம். பவுண்டுக்கு 110 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அவளுக்கு சுமார் 29,800 பவுண்ட், அவருக்கு 10,200. (பவுனும் பவுண்டும் சேர்ந்து என் தலையைச் சுற்ற வைத்த நாட்கள் அவை!)

இரண்டு நாள் இருவரும் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே போன் செய்து, "சரி மச்சான், அது அவள் அப்பா உழைப்புதானே" என்றார். அந்த ஒரு வரிக்காக அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

அப்புறம் முடிவு எளிது. இங்கத்து வீட்டை விற்பது. செலவு போக 77,000 கையில் வரும், ஆளுக்கு 38,500. ஊர் வீட்டை அவர் எடுத்துக்கொள்வார், அவர் அம்மாவை அந்த வயதில் இடம் மாற்ற வேண்டாம். இரண்டையும் சேர்த்துத் தீர்த்தால் 77,000ல் அவளுக்கு 68,300, அவருக்கு 8,700. பென்ஷன் அவரவருக்கு. குழந்தை அவளோடு இருப்பதால் அதை அவர் ஒப்புக்கொண்டார். 68,300ஐ முன்பணமாகப் போட்டு, அவள் சம்பளத்துக்குக் கிடைக்கிற 1,89,000 கடனும் சேர்ந்தால் அதே பள்ளிக்கூடத்துப் பக்கம் இரண்டு அறை ஃபிளாட் வாங்கலாம். கூரை போகவில்லை. கொஞ்சம் சின்னதானது.

இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் 6 முதல் யார்மேலும் குற்றம் சொல்லாமலே விவாகரத்து வாங்கலாம். இருவரும் சேர்ந்தே மனுப் போட்டார்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஊரில் கல்யாணம் செய்தவர்களுக்கு வெளிநாட்டு விவாகரத்து இந்தியாவில் எப்போது செல்லும் என்று 1991ல் நரசிம்ம ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. இருவரும் மனமொப்பி அந்தக் கோர்ட்டை ஏற்றுக்கொண்டால் சிக்கல் குறைவு. ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் வாங்கிய தீர்ப்பு ஊரில் நிற்பது கஷ்டம்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோதுதான் மூன்றாவது ஒழிமுறி வந்து நின்றது.

ஊர் வீட்டுக் கடன் 22 லட்சம் இன்னும் இருவர் பெயரில். ஊர் பேங்க் சொன்னது, "கணவர் ஒருவர் வருமானம் மட்டும் போதாது, மனைவியை விட முடியாது." பெயரைச் சொல்லவில்லை, எந்த பேங்கும் இதைத்தான் சொல்லும். ஏழு மாதம் இழுத்தது, விவாகரத்துக்கு ஆனதைவிட அதிக நாள். இதற்கிடையில் தங்கை இங்கே புதுக்கடனுக்கு விண்ணப்பித்தாள். உனக்கு வேறு என்ன கடன் இருக்கிறது என்று கேட்டார்கள். ஊர்க் கடனைச் சொல்லாமல் மறைக்க முடியாது, சொன்னால் கடன் தொகை குறைகிறது. பார்த்து வைத்த ஃபிளாட் ஒன்று கைவிட்டுப் போனது. அவள் குடியிராத வீட்டுக்கு, அவள் வாங்காத தவணைக்கு, அவள் பெயர் அங்கே கட்டிக் கிடந்தது.

அந்த நேரத்தில் ஊரிலிருந்து ஒரு யோசனை வந்தது. "நீ முதல்ல ஒழிமுறி எழுதிக் குடு, பேங்க் காரியம் பின்னால பாத்துக்கலாம்." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். நான் வேண்டாம் என்று தடுத்தேன். யோசித்துப் பாருங்கள். முதலில் ஒழிமுறி எழுதினால் வீட்டில் அவளுக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை. கடனில் மட்டும் முழுப் பொறுப்பு மிஞ்சும். ஆதாரமோ பேங்க் பெட்டியில் ஈடாக இருக்கிறது, அவர்கள் சம்மதமில்லாமல் எழுதினால் அது வேறு தலைவலி.

கடைசியில் வழி பிறந்தது இப்படி. அவருக்குக் கிடைத்த 8,700 பவுண்டை, அதாவது சுமார் ஒன்பதரை லட்சத்தை, அவர் அப்படியே கடனில் கட்டினார். மீதிக் கடனுக்கு அவருடைய தம்பி கூட்டாகக் கையெழுத்துப் போட்டார். பேங்க் தங்கையை விடுவித்து எழுத்து மூலம் கடிதம் கொடுத்தது. அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் அவள் ஒழிமுறிக்கான பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். அதன்பின் ரிஜிஸ்டர் ஆபீஸ், அதன்பின் வில்லேஜ் ஆபீசில் போக்குவரவு, அவர் ஒற்றைப் பெயரில் கரம் கட்டிய ரசீது. சித்தி அன்று போனில் அழுதார். மண் போனதற்காக. தங்கை அழவில்லை. அந்த வாரமே ஃபிளாட்டுக்கு மறுபடி விண்ணப்பித்தாள், கிடைத்தது.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு, வரிசைப்படி சொல்லிவிடுகிறேன்.

1. இரண்டு நாட்டுக் கடன்களுக்கும் இன்றைய பாக்கித் தொகையைப் பேங்கிடமே எழுத்தில் வாங்குங்கள். ஞாபகக் கணக்கு உதவாது.

2. யார் கட்டுவது என்ற சண்டை முடியும்வரை தவணையை நிறுத்தாதீர்கள். கோபம் கணவன் மனைவிக்குள், கெடுவது இருவர் பெயரும். கட்டியதற்கு ரசீது வைத்திருந்தால் பிறகு கணக்கில் கேட்கலாம்.

3. இங்கிலாந்தில் வீட்டைக் கூட்டு உரிமையாக வாங்கியிருந்தால் ஒருவர் இறந்தால் முழுவதும் மற்றவருக்குப் போகும். பிரிந்ததாலேயே இது மாறாது. தனித்தனிப் பங்காக மாற்ற நோட்டீஸ் கொடுக்க வேண்டும். உயிலையும் புதிதாக எழுதுங்கள்.

4. சொத்துப் பிரிவினைக்குக் கோர்ட் ஒப்புதல் வரும்வரை விவாகரத்தின் இறுதி ஆணைக்கு அவசரப்படாதீர்கள். நடுவில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பென்ஷன் உரிமை வரை பாதிக்கும்.

5. 'வீட்டைக் கணவர் எடுத்துக்கொள்வார்' என்று மட்டும் எழுதி விடாதீர்கள். 'இத்தனை மாதத்துக்குள் மனைவியைக் கடனிலிருந்து விடுவிக்க வேண்டும், முடியாவிட்டால் வீட்டை விற்க வேண்டும்' என்று கெடு வைத்து எழுதுங்கள்.

6. ஊர்ச் சொத்துக்கு இங்கத்துக் கோர்ட் ஆணை மட்டும் போதாது. அங்கே பத்திரம் வேண்டும். பவர் பத்திரத்தை நோட்டரி முன் கையெழுத்திட்டு அப்போஸ்டில் வாங்கி அனுப்பலாம். ஊருக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். அந்த ஒரு வேலைக்கு மட்டும் பவர் கொடுங்கள், பொதுப் பவர் வேண்டாம்.

7. கேரளத்தில் குடும்பத்தினருக்குள் எழுதும் ஒழிமுறிக்கு முத்திரைக் கட்டணம் குறைவு. விவாகரத்துக்குப் பின் கணவன் மனைவி என்ற உறவே சட்டத்தில் இல்லை. எழுதுவது முன்பா பின்பா என்று ஆதாரம் எழுதுகிறவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மலையாளம் வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரை வைத்து வரி வரியாக வாசிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

8. கடனை முழுசாக அடைத்துவிட்டால், இந்திய ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2023 டிசம்பர் 1 முதல், 30 நாளுக்குள் மூல ஆதாரத்தைத் திருப்பித் தர வேண்டும். பேங்கின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.

9. நகை ரசீது, நகைக்கடன் சீட்டு, கல்யாண ஆல்பம் எதையும் எறியாதீர்கள். சித்தியின் பீரோவில் அந்த ரசீது இல்லாவிட்டால் 60 சதவீதம் என்று நான் வாயைத் திறந்திருக்க முடியாது.

இதெல்லாம் பிரிகிறவர்களுக்கு மட்டும் இல்லை. சந்தோஷமாக இருக்கிற வீட்டிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து எந்தெந்தக் கடனில் யார் யார் பெயர் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பல வீடுகளில் ஒருவருக்குத் தெரிவது மற்றவருக்குத் தெரியாது. அரைமணி நேர வேலை.

நான் வக்கீல் இல்லை. கையெழுத்துப் போடும் முன்னால் இங்கே ஒரு வக்கீலையும் ஊரில் ஒரு வக்கீலையும் பார்த்துவிடுங்கள். இருவரிடமும் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "பேங்க் என்னை எப்போது விடும்?"